ஐந்தாவது ஆட்டக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் என்று சொன்னதும் நம் கண்முன் வருவது தனியாக நிற்கும் ஒரு மனிதர்தான். கையில் ஒரு மட்டை, காலடியில் ஒரு பந்து, எதிரே பரந்து கிடக்கும் புல்வெளி. ஜெயித்தாலும் அவர் பாடு, தோற்றாலும் அவர் பாடு. இந்த ஆட்டத்தைப் போய் அணி அணியாக ஆட முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 1897 முதல் அப்படித்தான் ஆடி வருகிறார்கள். அவர்களுடைய தேசிய அணிக் கோப்பையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதிலும் முக்கியமாக, அணியின் ஐந்தாவது ஆட்டக்காரரைப் பற்றி.

முதல் போட்டி நியூயார்க் அருகே ஆர்ட்ஸ்லி என்ற இடத்தில் நடந்தது. யேல் பல்கலைக்கழகம் ஜெயித்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மூன்றும் கோப்பையைத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டன. இடையில் 1921-இல் ஒரு முறை டார்ட்மத் புகுந்தது, அவ்வளவுதான். 1934-இல் மிச்சிகன் வந்துதான் அந்தக் கோட்டையை உடைத்தது. யேல் மொத்தம் 21 முறை பட்டம் வென்றிருக்கிறது. இன்றுவரை வேறு எந்தக் கல்லூரியும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. ஆனால் அந்த 21-இல் கடைசிப் பட்டம் வந்தது 1943-இல். அதன்பின் ஒன்றுகூட இல்லை.

ஏன் என்று கேட்டால், காரணத்தில் பாதி வானிலை. வடகிழக்கில் குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். டெக்சாஸில் வருஷம் பூராவும் ஆடலாம். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுத்துப் பையன்களைச் சேர்க்கும் வழக்கமும் அந்தப் பக்கம் வேரூன்றியது. வட டெக்சாஸ் கல்லூரி 1949 முதல் 1952 வரை வரிசையாக நான்கு முறை ஜெயித்தது. அடுத்து வந்தது ஹூஸ்டன். அங்கே டேவ் வில்லியம்ஸ் என்றொரு பயிற்சியாளர். வேதிப்பொறியியல் பாடம் நடத்தியவர். அவர் கையில் அந்த அணி 1956 முதல் 1985 வரையில் 16 பட்டங்கள் வென்றது. முதல் ஐந்தும் அடுத்தடுத்த ஐந்து வருஷங்களில் வந்தவை. கல்லூரி கோல்ஃபின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அது தகும்.

இப்போது ஐந்தாவது ஆட்டக்காரருக்கு வருகிறேன். ஓர் அணியில் ஐந்து பேர். ஐவரும் ஆடுவார்கள். பந்தைக் குழிக்குள் தள்ள எத்தனை அடி எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. அன்றைய ஆட்டம் முடிந்ததும், அதிக அடி எடுத்தவரின் கணக்கை விட்டுவிட்டு மற்ற நால்வரின் அடிகளைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை எந்த அணிக்கோ அது முன்னே. யாருடைய கணக்கு விடுபடும் என்று காலையில் எவருக்கும் தெரியாது. நட்சத்திர ஆட்டக்காரருடையதே விடுபடலாம். ஐந்தாவதாகச் சேர்ந்த பையனுடையது அணியைத் தூக்கி நிறுத்தலாம். கிரிக்கெட்டில் ஒருவர் விட்ட ரன்னை இன்னொருவர் பாய்ந்து தடுக்கலாம், இங்கே அதற்கு வழியே இல்லை. உங்கள் தோழன் இரண்டு குழி தள்ளி எங்கோ ஆடிக்கொண்டிருப்பான். அவன் தடுமாறுவதுகூட உங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் மாபெரும் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் மட்டும் இந்தக் கோப்பை கிடைப்பதில்லை. 1961-இல் தனிநபர் பட்டம் வென்றவர் ஓஹையோ ஸ்டேட்டின் ஜாக் நிக்லாஸ். அணிக் கோப்பை போனது பர்டியூவுக்கு. 1996-இல் தனிநபர் பட்டம் ஸ்டான்ஃபோர்டின் டைகர் உட்ஸுக்கு. அணிக் கோப்பை அரிசோனா ஸ்டேட்டுக்கு. கல்லூரியில் இருந்தவரை டைகர் உட்ஸ் அணிக் கோப்பையைத் தொட்டதே இல்லை. மறுபடியும் சொல்கிறேன், டைகர் உட்ஸுக்கே அது கிடைக்கவில்லை.

கிட்ட வந்தது 1995-இல். அந்த ஸ்டான்ஃபோர்ட் அணியில் அவரோடு ஆடியவர்களில் ஒருவர் கேசி மார்ட்டின். எனக்கு மனதுக்கு மிகவும் நெருக்கமான மனிதர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறவியிலேயே அவருடைய வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு. நடந்தால் வலி. கோல்ஃபிலோ 18 குழிக்கும் நடக்க வேண்டும், பல கிலோமீட்டர் தூரம். அந்தக் காலோடு ஆடித்தான் 1994-இல் ஸ்டான்ஃபோர்ட் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். மறுவருஷம் அணியில் டைகர் உட்ஸும் இருந்தார். இறுதியில் ஸ்டான்ஃபோர்டும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் சமநிலை. கூடுதல் ஆட்டம் வைத்தார்கள். ஓக்லஹோமா ஸ்டேட் ஜெயித்தது.

பிற்பாடு தொழில்முறை ஆட்டத்துக்குப் போன மார்ட்டின், வண்டியில் போய் ஆட அனுமதி கேட்டார். அந்தப் போட்டிகளை நடத்திய அமைப்பு மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001-இல் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பானது. பிறகு சொந்த ஊரான யூஜீனுக்குத் திரும்பி, அங்குள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளரானார்.

இதற்குள் போட்டியின் முறையே மாறியிருந்தது. 2009 முதல், அடிகளைக் கூட்டி முன்னே வரும் எட்டு அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன்பின் நேருக்கு நேர் மோதல். ஐவருக்கு எதிரே ஐவர். குழிக்குக் குழி யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அந்தக் குழி அவருக்கு. ஐந்து மோதல்களில் மூன்றை வெல்லும் அணி ஜெயிக்கும். முதல் வருஷமே ஓக்லஹோமா ஸ்டேட் 13 அடி வித்தியாசத்தில் முன்னே வந்து, காலிறுதியில் எட்டாவது இடத்து ஜார்ஜியாவிடம் தோற்றது. இது நியாயமா என்று கேட்டவர்கள் உண்டு. நான் இந்தப் புதுமுறையின் பக்கம். முதல் ஆட்டக்காரர் வென்றாலும் ஒரு புள்ளி, ஐந்தாமவர் வென்றாலும் அதே ஒரு புள்ளி. யாருடைய கணக்கும் விடுபடாது. அகஸ்டா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி 2010, 2011 இரண்டிலும் கோப்பையைத் தூக்கியது இந்த முறையில்தான்.

2016-க்கு வருவோம். போட்டி நடந்தது யூஜீனிலேயே. இறுதியில் ஓரிகனும் டெக்சாஸும். டெக்சாஸின் தலைசிறந்த ஆட்டக்காரர் போ ஹாஸ்லர் அரையிறுதியில் தோளில் அடிபட்டுக்கொண்டார். அப்போது மாற்று ஆளை இறக்க விதி இல்லை. மட்டையே பிடிக்காமல் அவர் தன் மோதலை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஓரிகனுக்கு ஒரு புள்ளி அப்படியே வந்துவிட்டது. இந்த விதி கொடுமையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு அதை மாற்றினார்கள், நல்லதே செய்தார்கள்.

இருந்தும் டெக்சாஸ் விடவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று கொண்டுவந்தது. மிச்சம் ஒரே மோதல். ஓரிகன் பக்கம் சுல்மான் ராசா, அதே யூஜீன் ஊர்ப் பையன். எதிரே டெய்லர் ஃபங்க். 18 குழி முடிந்தும் சமம். 19-ஆவது, 20-ஆவது, அப்போதும் சமம். மற்ற மோதல்கள் எல்லாம் முடிந்தாயிற்று, இனி இந்த இருவர் கையில்தான் எல்லாம். 21-ஆவது குழியில் ராசா தட்டிய பந்து உள்ளே விழுந்தது. கோல்ஃபில் ஓரிகனுக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம். அந்த வருஷம் தனிநபர் பட்டமும் ஓரிகனின் ஆரன் வைஸுக்கே கிடைத்தது, ஆனால் கோப்பையை உறுதி செய்தவர் ராசா. ஆட்டக்காரராக 1994-இல் வென்ற கோப்பையை மார்ட்டின் பயிற்சியாளராகவும் வென்றார். அந்த வலது காலை 2021-இல் எடுக்க வேண்டி வந்தது. அப்போதும் ஓரிகனின் பயிற்சியாளர் அவர்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். பெப்பர்டைன் கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் அந்த அணி தரவரிசையில் முதலிடம். அணியின் முன்னணி ஆட்டக்காரர் சாஹித் தீகலா, ஹைதராபாத்திலிருந்து அமெரிக்கா போன தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. கொரோனாவால் போட்டியையே ரத்து செய்தார்கள். அத்தோடு அவருடைய கல்லூரிக் காலமும் முடிந்தது. மறுவருஷம் பெப்பர்டைன் ஓக்லஹோமாவை மூன்றுக்கு இரண்டு என்று வென்று கோப்பையைத் தூக்கியபோது அவர் அணியில் இல்லை. 2025-இல் வர்ஜீனியாவை நான்குக்கு ஒன்று என்று வீழ்த்திய ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு அது 12-ஆவது பட்டம். ஹூஸ்டனின் 16-க்கு இன்னும் நான்கு பாக்கி.

நன்றி, வணக்கம்.