வீட்டு மிச்சத்துக்கு ஏற்ற கோழி

(மதுரையில் வீட்டுத்தோட்டக்காரர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மொட்டை மாடியில் கத்தரியும் கீரையும் வந்துவிட்டால் அடுத்த ஆசை கோழி மேல்தான் போகும். "எனக்கு மூன்று சென்ட் இடம் இருக்கிறது, எத்தனை கோழி விடலாம்?" என்று கேட்கிறீர்கள். இடத்தை அளந்து கோழியை எண்ணாதீர்கள் என்று சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன். உங்கள் அடுப்படியில் ஒரு நாளைக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். எத்தனை கோழி என்பதை அந்த மிச்சம்தான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த கோழி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் தீவனம் தின்னும். ஆண்டுக்கு 36 கிலோ. நம் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். அதாவது தீவனம் முழுவதையும் கடையில் வாங்கிப் போட்டால் ஒரு முட்டைக்கு அரைக்கிலோ தீவனம் ஆகிறது. நாமக்கல் பண்ணையில் கூண்டில் நிற்கிற வெள்ளைக்கோழியும் கிட்டத்தட்ட அதே அளவுதான் தின்கிறது, ஆனால் 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அங்கே ஒரு முட்டைக்கு 120, 130 கிராம் அளவில் தீவனம் முடிந்துவிடும். தீவன மூட்டை வாங்கி நாட்டுக்கோழி வளர்த்து முட்டைச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடை முட்டையே மலிவாக இருக்கும்.

சரி, பிறகு எதற்குக் கோழி? நாமக்கல் கோழிக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் வீட்டுக் கோழிக்குக் கிடைக்கிறது. காசு கொடுக்காத தீனி. நேற்றைய சோறு, அரிசி புடைத்த குருணை, மாவு சலித்த கப்பி, கீரைத் தண்டு, பூசணி விதை, தர்பூசணித் தோல், தோட்டத்துப் புழு, களை. இதெல்லாம் குப்பை வண்டிக்குப் போகிற பொருள். போகிற வழியில் அதை மறித்து முட்டையாகவும் எருவாகவும் மாற்றுகிற வேலையைத்தான் கோழி செய்கிறது. அந்த வேலை இருக்கிற அளவுக்குக் கோழி வைத்தால் அது சிக்கனம். அதற்கு மேல் வைக்கிற ஒவ்வொரு கோழிக்கும் கடைக்குப் போக வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு நாடே போட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குக் கப்பலில் தானியம் வருவது குறைந்தது. 1941இல் முட்டையைக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு வாரம் ஒரு முட்டை என்பது கணக்கு, அதுவும் எப்போதும் கிடைத்ததில்லை. கொல்லையில் கோழி வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு வழி வைத்தது. உன் பங்கு முட்டையை விட்டுக்கொடு, அதற்கு ஈடாகக் கொஞ்சம் சத்துமாவுத் தீவனம் தருகிறோம், அதை உன் வீட்டு உருளைக்கிழங்குத் தோலோடும் மிச்சத்தோடும் வேகவைத்துக் கலந்து போடு என்றார்கள். ஒரு வீட்டில் எத்தனை பேர் முட்டைப் பங்கை விட்டுக்கொடுக்கிறார்களோ அதைப் பொறுத்துத் தீவனம். ஆகவே எத்தனை பேர் வீடோ அதற்கு ஏற்ற கோழி. கொல்லை எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்கவில்லை. நெருக்கடியில் போட்ட அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சாப்பிடுகிற வாயையும் மிஞ்சுகிற தட்டையும் அது ஒன்றாகப் பார்த்தது.

நான்கு பேர் வீட்டில் இரண்டு கோழியை மிச்சத்தாலேயே பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்பது என் அனுபவம். கொஞ்சம் அலைந்தால் நான்கு. அலைவது என்றால் என்ன? நம் ஊரில் 1999இல் அண்ணாநகரில் தொடங்கிய உழவர் சந்தைதான் தமிழ்நாட்டுக்கே முதலாவது. அங்கே கடை கட்டுகிற நேரத்தில் போய் நில்லுங்கள். முட்டைக்கோஸின் மேல் இலையும் முள்ளங்கித் தழையும் குவிந்து கிடக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மாவு மில்லில் இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டி அள்ளுவதையும் கேட்டு வாங்கலாம். மண் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

புரதத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சோறும் தவிடும் தின்று மட்டும் கோழி முட்டை இடாது. கிராமத்தில் ஒரு முறை உண்டு. பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கிற மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் திறந்தால் பானை நிறையக் கறையான். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. ஆனால் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டின நகரத்து வீட்டில், மரக்கதவும் சன்னலும் இருக்கிற இடத்தில், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதில் ஒரு தொட்டியில் அசோலா என்கிற, தண்ணீரில் மிதக்கும் சிறு செடியை வளர்க்கலாம். நிழலில் ஒரு சாண் தண்ணீர், கொஞ்சம் செம்மண், கொஞ்சம் சாணக் கரைசல் போதும். மட்கு குழியின் ஓரத்தைக் கோழிக்குத் திறந்து விட்டாலும் அது கிளறிப் புழு பொறுக்கிக்கொள்ளும். மீன் கழுவுகிற அன்று தலையும் குடலும் வேகவைத்துப் போடுங்கள்.

எதைப் போடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பூஞ்சை பிடித்த எதுவும் வேண்டாம். முக்கியமாகப் பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஊறுகாய், கருவாட்டு உப்பு, பச்சை நிறம் ஓடிய உருளைக்கிழங்குத் தோல், வேகாத பயறு, இவையும் ஆகாது. பூக்கட்டின நூலும் ஸ்டேப்ளர் பின்னும் தட்டில் கலக்காமல் பாருங்கள்.

எந்தக் கோழி? நகரத்துக்கு நான் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வகையைத்தான் சொல்வேன். உடம்பு சிறியது, தீனி குறைவு, நன்றாக அடை கிடக்கும். அதிக முட்டை வேண்டுமென்றால் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் ரகங்கள் இருக்கின்றன. ஆனால் முட்டை ஏறினால் தீவனமும் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். சேவல் வேண்டாம். முட்டையிட சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. விடியற்காலை மூன்று மணிக்குக் கூவுகிற சேவலைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் இரவு வேலை முடித்து வந்து படுத்தவரும் ஏன் தாங்க வேண்டும்? கோழி வாங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் பகுதி மாநகராட்சி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

கோழி அடைக்கு உட்கார்ந்தால் சேவல் வைத்திருக்கிற தெரிந்தவர் வீட்டிலிருந்து கருக்கூடிய முட்டை பத்து வாங்கி வந்து வைக்கலாம். பொரிக்க 21 நாள். முட்டைக்கு நடுவில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய் வைப்பது என் பாட்டி வழக்கம், இடி இடித்தால் முட்டை கெடாது என்று. அதற்கு நான் சான்று கேட்டதில்லை, இன்றும் வைக்கிறேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு ஓடாமல் தெளிவாகத் தெரிவது கரு இல்லாத முட்டை. எடுத்துவிடுங்கள். பொரித்ததில் பாதி சேவலாக வரும், இதை முன்கூட்டியே யோசிக்காதவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். ஒருவர் கோழியை இன்னொருவர் வளர்த்து, வருவதைப் பங்கு போட்டுக்கொள்கிற 'வாரம்' என்ற பழக்கம் ஊரில் உண்டு அல்லவா, அந்த ஏற்பாட்டை இதற்கு வைத்துக்கொள்ளலாம். முட்டை கொடுத்தவருக்குச் சேவல் குஞ்சுகள் போகட்டும், பெட்டை உங்களுக்கு.

இனி எரு. முட்டையைவிட இதுதான் எனக்குப் பெரிய வரவு. கூட்டுக்குள் தரையில் காய்ந்த இலை, தேங்காய்நார்த் தூள், உமி, எது கிடைக்கிறதோ அதை அரை அடிக்குப் போட்டு வையுங்கள். கோழியே கிளறிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்னும் காய்ந்த இலை போடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சிந்தாத இடத்துக்கு மாற்றுங்கள். ஈயும் நாற்றமும் இல்லாத வரை எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வர மாட்டார். இந்தப் படுக்கையை அள்ளி இரண்டு மூன்று மாதம் மட்க வைத்த பிறகுதான் செடிக்கு. பச்சையாகப் போட்டால் வேர் கருகும், பச்சையாகத் தின்கிற கீரைக்கு நோய்க்கிருமியும் போகும். மட்கிய எரு வாழைக்கும் முருங்கைக்கும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக அந்த வாழைக்கு விட்டிருக்கிறேன். வாழை இலையில் சாப்பாடு, சாப்பிட்ட இலை கோழிக்கு. முருங்கைக்கீரையைக் கோழியும் தின்னும், நாமும் தின்கிறோம். 2003இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது கட்டிய தொட்டியைத் தூர் வாரினாலே மதுரையில் கோடைக்குக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம்.

கோடை என்றதும் ஒன்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, முட்டை ஓட்டுக்கு வேண்டிய பொருள் சரியாகக் கிடைக்காது. கத்திரி வெயிலில் ஓடு மெலிவதற்கு அதுவும் ஒரு காரணம். கிளிஞ்சல் தூளோ, வறுத்துப் பொடித்த முட்டை ஓடோ எப்போதும் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். கூட்டின் மேல் ஈரச் சாக்கு, பக்கத்தில் அவரைப் பந்தல், மண்சட்டியில் நாளைக்கு இரண்டு முறை மாற்றிய தண்ணீர். தகரக் கூரை மட்டும் வேண்டாம். பகலில் கோழியை மூடி வைக்கிற பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தால் அதுவும் நிழலில்தான். இரவில் கதவு தாழ்ப்பாள் போட்டே ஆக வேண்டும். கீரிப்பிள்ளையும் பூனையும் நகரத்திலும் இருக்கின்றன.

எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியில் மட்டும் பார்க்காதீர்கள். வடக்கே இமயத்தின் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் 1920களில் கண்டறிந்ததால் நம் நாட்டில் அந்த நோய்க்கு ராணிக்கேத் நோய் என்றே பெயர். வந்துவிட்டால் மருந்து இல்லை. கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இரண்டு நாளில் கூடே காலியாகிவிடும். குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, 8ஆம் வாரம் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் காசு வாங்காமல் போடுகிறார்கள், பிப்ரவரியில் இதற்கென்று முகாமும் நடத்துகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் போட்டுவிட வேண்டும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பது நல்லதுதான், நானும் கொடுக்கிறேன். ஆனால் ஊசிக்குப் பதிலாக அல்ல.

கேள்வி கேட்க நிறையப் பேர் காத்திருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். நாளையிலிருந்து ஒரு வாரம் அடுப்படியில் ஒரு வாளி வையுங்கள். கோழி தின்னக்கூடியதை மட்டும் அதில் போட்டு, இரவில் எடை பார்த்துச் சுவரில் எழுதி வாருங்கள். தோலும் சோறும் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 100 கிராம் தீவனத்துக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு ஈர மிச்சம் வேண்டும். வாரக் கடைசியில் வருகிற எண்ணை வைத்து இரண்டா நான்கா என்று முடிவு செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஊசி போட்ட வெடைக்கோழி, அதாவது முட்டையிடத் தொடங்குகிற பருவத்து இளம் பெட்டை, யாரிடம் கிடைக்கும் என்று அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.