சந்தேகங்களுக்கு விளக்கம்: இயேசுவைப் பின்பற்றியதால் வீட்டுச் சமாதானம் போய்விட்டதே, ஏன்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "ஆண்டவரை ஏற்றுக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அண்ணன் உறவினர் எல்லோர் முன்பாகவும் என்னை அவமானப்படுத்தினார். சமாதானம் தருகிறேன் என்றவரைப் பின்பற்றப்போய், இருந்த சமாதானமும் போய்விட்டது. நான் தேவ சித்தத்துக்கு வெளியே இருக்கிறேனா? இப்போது தன் மகளின் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி அண்ணனே அழைத்திருக்கிறார். போக மனம் வரவில்லை. போக வேண்டுமா?"

சகோதரி, இந்தக் கடைசி வரியை எழுதத்தான் மற்ற வரிகளை எல்லாம் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குக் கட்டாயம் வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் வசனம் யோவான் 14:27. "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்." அதே பேச்சில், 16:33-இல், "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்றும் ஆண்டவர் சொன்னார். அது சிலுவைக்கு முந்தின இரவு. பேசி முடித்து ஜெபம் செய்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அங்கே வந்து அவரைப் பிடித்தார்கள். அந்த இரவில் தன்னிடம் இருந்த சமாதானத்தைத்தான் அவர் "என்னுடைய சமாதானம்" என்கிறார். அது எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆகவே, எதிர்ப்பு இருப்பதை வைத்து நீங்கள் தேவ சித்தத்துக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். விசுவாசத்தினால் வரும் எதிர்ப்பைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஈசாக்கின் கிணறுகள்தான். பஞ்ச காலத்தில் கேராரில் தங்கி, விதை விதைத்து, நூறு மடங்கு அறுத்தான். அதைக் கண்டு அந்த நாட்டு மக்களாகிய பெலிஸ்தர் பொறாமைப்பட்டார்கள். அவன் தகப்பன் ஆபிரகாமின் காலத்தில் வெட்டிய கிணறுகளையெல்லாம் மண்ணைப் போட்டுத் தூர்த்திருந்தார்கள். ராஜாவாகிய அபிமெலேக்கோ, "எங்களை விட்டுப் போய்விடு" என்றான்.

இது நெகேவ் பாலைநிலத்தை ஒட்டிய பகுதி. பக்கத்து ஊரான பெயெர்செபாவைச் சுற்றி ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழைதான். பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் கிணறுதான் உயிர். அந்தக் காலத்தில் கிணறு வெட்டுவது எப்படி என்று கற்பனை செய்து பாருங்கள். ஒருவன் குழிக்குள் குனிந்து வெட்டுகிறான். கூடையில் மண்ணை அள்ளிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புகிறான். ஏறும் கூடையிலிருந்து உதிரும் மண் அவன் கண்ணிலேயே விழுகிறது. பல நாள் கழித்து ஒரு நாள், வெட்டிய மண் கொஞ்சம் கறுத்து, கையில் பிடித்தால் ஒட்டுகிறது. அதைப் பார்த்த வேலைக்காரனின் மனம் எப்படி இருந்திருக்கும்! அப்படிக் கண்ட ஊற்றின் கரைக்கு வந்து நின்று, "இந்தத் தண்ணீர் எங்களுடையது" என்றார்கள் கேராரின் மேய்ப்பர்கள்.

ஈசாக்கு அந்தக் கிணற்றுக்கு ஏசேக்கு என்று பெயர் வைத்தான். வாக்குவாதம் என்று பொருள். இன்னொன்று வெட்டினான், அதற்கும் சண்டை. அதற்குச் சித்னா என்று பெயர். பகை என்று பொருள். இந்தப் பெயர்களை நான் மிகவும் மதிக்கிறேன். நடந்ததை அவன் மூடி மறைக்கவில்லை, "எல்லாம் நன்மைக்கே" என்று அவசரமாகப் பூசவும் இல்லை. வாக்குவாதத்தை வாக்குவாதம் என்றான், பகையைப் பகை என்றான். பெயர் வைத்துவிட்டு இடம் மாறி மூன்றாவது கிணறு வெட்டினான். அதைப் பற்றி யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பெயரிட்டான். விசாலமான இடம் என்று பொருள்.

அவன் எதை விட்டான், எதை விடவில்லை என்று பாருங்கள். கிணற்றை விட்டான், வெட்டுவதை விடவில்லை. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் ஒவ்வொரு வாக்குவாதத்திலும் ஜெயித்தே தீரவேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். விசுவாசத்துக்கு வந்த புதிதில் என் சித்தப்பா என்னைக் கேலி செய்தபோது, சாப்பாட்டு மேசையிலேயே வசனத்தின்மேல் வசனமாக எடுத்து வீசினேன். என் வாதத்தில் ஒரு தவறும் இல்லை. அவர் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு பல வருடம் நான் இருக்கும் இடத்துக்கு அவர் வரவில்லை. அந்தக் கிணறு எனக்குத்தான் சொந்தம் என்று நிரூபித்தேன். ஒரு வாய் தண்ணீர்கூட அவருக்குப் போகவில்லை. கிறிஸ்துவுக்காக வந்த எதிர்ப்பு என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதி, என் நாக்குக்காக வந்த எதிர்ப்பு. பேதுரு தன் முதல் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். சகோதரி, உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஜெபத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஈசாக்கு பயமே அறியாதவன் என்றும் எண்ணாதீர்கள். இதே அதிகாரத்தில்தான் உயிருக்குப் பயந்து, ரெபெக்காளைத் தன் மனைவி என்று சொல்லாமல் சகோதரி என்று பொய் சொன்னான். பயந்தவனையும் தேவன் கைவிடவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் அடி உதையைத் தாங்கிக்கொண்டிருக்கும் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். விட்டுக்கொடுப்பது என்றால் அடி வாங்கிக்கொண்டே இருப்பது என்று பொருள் இல்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் ஆண்டவரே. தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கித் தப்பவிட்டார்கள். எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, "ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கலாமா?" என்று சட்டத்தைக் கேட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் வெளியேறுங்கள், உதவி கேளுங்கள், சட்டத்தை நாடுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. ஈசாக்கு பெயெர்செபாவுக்குப் போன இரவில் கர்த்தர் தரிசனமாகி, "பயப்படாதே, நான் உன்னோடேகூட இருக்கிறேன்" என்றார். அங்கே அவன் பலிபீடம் கட்டினான், கூடாரம் போட்டான், வேலைக்காரர் மறுபடியும் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். அப்போது அபிமெலேக்கு வருகிறான், சிநேகிதனையும் சேனாபதி பிகோலையும் கூட்டிக்கொண்டு. துரத்தினவனே தேடி வருகிறான். ஈசாக்கு என்ன செய்தான்? முதலில் மனதில் இருந்ததைச் சொன்னான்: "நீங்கள் என்னைப் பகைத்துத் துரத்திவிட்டீர்களே, ஏன் என்னிடம் வந்தீர்கள்?" அவர்கள் மன்னிப்புக் கேட்டதாக வேதத்தில் இல்லை. "உனக்கு நன்மையைத் தவிர வேறொன்றும் நாங்கள் செய்யவில்லை" என்றுகூடச் சொல்லிக்கொண்டார்கள்! ஆனால், "கர்த்தர் உன்னோடு இருப்பதைக் கண்டோம்" என்றார்கள். ஈசாக்கு அவர்களுக்கு விருந்து செய்தான். காலையில் ஆணையிட்டுக்கொண்டு சமாதானத்தோடே போனார்கள்.

உங்கள் அண்ணனும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலும் இருக்கலாம். ஆனால் போன் எடுத்து உங்கள் எண்ணை அழுத்தியிருக்கிறார். மூன்று வருடத்துக்குப் பிறகு அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18 சொல்வதில் உங்கள் பங்கு இப்போது அந்த வாசற்படி வரைதான். அப்பா அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது உங்கள் பங்கு இல்லை. வலித்ததை அண்ணனிடம் சொல்லவேண்டும் என்றால் தனியாக ஒரு நாள் சொல்லுங்கள். அன்று வேண்டாம், அது குழந்தையின் நாள். விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் சாந்தமாகப் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் குழந்தையோடு விளையாடுங்கள்.

ஈசாக்கின் விருந்தாளிகள் புறப்பட்டுப்போன அன்றே வேலைக்காரர் ஓடி வந்து, "தண்ணீர் கண்டோம்" என்றார்கள். போய் வாருங்கள் சகோதரி. அன்று நானும் உங்கள் அப்பாவுக்காக ஜெபிக்கிறேன். என்ன நடந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.