விமானத்தில் ஏறியதும் போனை ஏன் அடக்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். விமானப்படையில் வயர்லெஸ் டெக்னீஷியனாக 20 வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். 2023-இல் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து மறுபடி விமானங்கள் பறக்க ஆரம்பித்ததிலிருந்து ஊரில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். விமானத்தில் போனை ஆன் செய்தே வைத்திருந்தால் விமானம் விழுந்துவிடுமா?

விழாது. பயணியின் கைப்பேசியால்தான் விழுந்தது என்று நிரூபணமான பயணிகள் விமானம் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம் எதற்கு, போன் டவரோடு பேசுவதை நிறுத்தி வைக்கும் இந்த ஃப்ளைட் மோட்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் சில இடங்களில் சிக்னல் போய்விடும். மேலே வந்து இறங்கும்போது போன் சுடும், சார்ஜும் இறங்கியிருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெல்லப் பேசும். டவர் எட்டாத இடத்தில் கத்தும். பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை சக்தியை அலையாக வெளியிடும். டவருக்கு அருகில் இருந்தால் அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. டவர் ஆன்டெனாக்களோ தரையைப் பார்த்துச் சாய்ந்திருப்பவை. அதனால் வானத்தில் போகும் போன் டவரைத் தேடி ஓயாமல் கத்திக்கொண்டே வரும்.

அந்தக் கத்தலை நீங்களே கேட்கலாம். 2ஜி பட்டன் போனை இந்த ரேடியோ பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கரில் 'டிர்ர்... டிக் டிக் டிக்' என்று இரையும். போன் அலையைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை, ஒரு நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்புகிறது. அந்தத் துடிப்புதான் ஒலியாகிறது. விமானியின் ஹெட்செட்டிலும் இதே இரைச்சல் புகும். இறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உயரம், திசை, ஓடுபாதை என்று எண்களாகவே சொல்லும். ஒரு எண் சரியாகக் காதில் விழவில்லை என்றால் திரும்பக் கேட்க வேண்டும். அந்த ஹெட்செட்டை மாட்டிச் சோதித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தச் சில நொடிகளில் காது தெளிவாக இருப்பது பெரிய விஷயம்.

இன்னொரு காரணம் கீழே இருப்பவர்களுக்கானது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்றால் சேலம் மொத்தமும் கண்ணில் படுகிறதல்லவா? மேலே போகும் போனுக்கும் அப்படித்தான், எத்தனையோ டவர்கள் ஒரே சமயத்தில் தெரியும். ஒரே அலைவரிசையைத் தள்ளித் தள்ளி இருக்கும் டவர்கள் பங்கு போட்டுக்கொள்வதில்தான் செல்போன் வலையமைப்பே ஓடுகிறது. மேலிருந்து ஒரு போன் அத்தனை டவர்களிலும் கேட்டால் அந்தப் பங்கீடு குழம்பும். அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையம் 1991-இல் பறக்கும்போது செல்போனுக்குத் தடை போட்டது முக்கியமாக இதற்காகத்தான்.

நம் நாட்டில் 2014 முதல் ஃப்ளைட் மோடில் போட்டு, பயணம் முழுவதும் போனைப் பயன்படுத்தலாம். 2018-இல் வந்த விதிகள் 3000 மீட்டருக்கு மேலே, அதாவது நம் ஏற்காட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில், விமானத்துக்குள் இணைப்பு தர வழிவிட்டன. சில வெளிநாட்டு விமானங்களில் உள்ளேயே ஒரு சின்ன டவர் இருக்கிறது. சாட்டிலைட் வழியாகத் தரையோடு பேசும். டவர் தலைக்கு மேலேயே இருப்பதால் போன் கத்த வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு இல்லாத விமானத்தில் நாம்தான் போனை அடக்க வேண்டும். மேலே பெட்டிக்குள் வைத்த இன்னொரு போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பலர் மறப்பது அதைத்தான்.

போன மாதம் சென்னைக்குப் போனபோது பக்கத்து சீட்டில் ஆத்தூர்க்கார அம்மா ஒருவர். முதல் விமானப் பயணம். மஞ்சள் பையில் பட்டன் போன். "அணைக்கச் சொல்றாங்க தம்பி, மக கூப்பிட்டா என்ன பண்றது?" என்று தவித்தார். "ஒரு மணி நேரம்தாம்மா, இறங்கினதும் நானே போட்டுத் தர்றேன்" என்று வாங்கி அணைத்தேன். வழியெல்லாம் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். சென்னையில் விமானம் நின்றதும் போனை நீட்டினார். ஆன் செய்து கையில் கொடுத்தேன். அடுத்த நிமிடமே மணி அடித்தது. "வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்" என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

வணக்கம்.