தனாபே ஆக்சிஜனை எடுத்திருக்க வேண்டுமா? | பிளானெட்டஸ் பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. இன்றைக்கு அறிமுக இசை, சுற்றுகிற லோகோ எதுவும் கிடையாது. எனக்குக் கோபம். பிளானெட்டஸ் என்கிற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகி தனாபே. 'தனாபே ஒரு லூசு' என்று என் வீட்டிலேயே, என் சோபாவில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் யார்? நம்ம மச்சான். பழைய வீடியோக்களில் கேமராவுக்குப் பின்னாலிருந்து தேவையில்லாத இடத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்குமே, அவனேதான். கூட வந்தது நம்ம வக்கீல் தோழி. என் மெக்கா அனிமே (ராட்சத ரோபோ கதைகள்) வரிசையைக் கிழித்துத் தொங்கவிட்டாரே, அவர்.

சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளானெட்டஸ் 2003 அக்டோபரில் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் தொடங்கியது. மொத்தம் 26 பகுதிகள். சன்ரைஸ் ஸ்டூடியோ எடுத்தது, இயக்கம் கோரோ தனிகுச்சி. மூலக்கதை மகோட்டோ யுகிமுராவின் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. கதை நடப்பது 2075ல். வேற்றுக்கிரகவாசி கிடையாது, லேசர் சண்டை கிடையாது. ஒரு பெரிய கம்பெனியின் கீழ்த்தளத்தில், பட்ஜெட்டே இல்லாத ஒரு பிரிவு. அவர்கள் வேலை விண்வெளியில் சுற்றுகிற குப்பையைப் பொறுக்குவது. அங்கே புதிதாகச் சேருகிறவள்தான் ஐ தனாபே. எதற்கெடுத்தாலும் 'இதில் அன்பே இல்லையே!' என்று கத்துவாள். ஸ்பாய்லர் இருக்குமா என்று கேட்காதீர்கள். முழுக்க முழுக்க ஸ்பாய்லர்தான். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், வீடியோ எங்கேயும் ஓடிப்போகாது.

சரி, எதற்காக எல்லோரும் கூடினோம்? டிவிடி பெட்டி வந்த கொண்டாட்டம். சித்தி பையன் அமெரிக்காவிலிருந்து வரும்போது பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். இதோ பாருங்கள். ஓரம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, பரவாயில்லை, உள்ளே வட்டுகளில் ஒரு கீறல் இல்லை. ஆனால் எந்த ஊர் வட்டு எந்த ஊர் பிளேயரில் ஓடும் என்பதற்கு ரீஜன் எண் என்று ஒன்று உண்டு. அமெரிக்க டிவிடி என்றால் ரீஜன் ஒன்று. நம்ம ஊர் பிளேயர் ரீஜன் ஐந்து. போட்டால் திரையில் ஒரு மன்னிப்பு வாசகம் வருகிறது, அதோடு சரி. கணினியில் போடலாமே என்பீர்கள். கணினி டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். ஒரு குப்பை பொறுக்குகிற கதையைப் பார்க்க என் டிரைவைக் குப்பையாக்க நான் தயாராக இல்லை.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பெயரே போடாத ஒரு பிளேயர். கடைக்காரர் 1,100 ரூபாய் என்றார். நான் 700 என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பக்கத்துக் கடைப் பையனிடம் கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் விடவில்லை, பையிலிருந்து வட்டை எடுத்து நீட்டினேன். 'அண்ணே, இது ஓடினால்தான் பேச்சே.' போட்டார். ஓடியது. முதல் பகுதியின் முதல் காட்சி, அந்தப் பயணிகள் கப்பல், ஜன்னல், திருகாணி. கடைக்காரர் அப்படியே நின்று பார்த்தார். 'என்ன தம்பி, ஒரு ஸ்க்ரூதானே, அதுக்கா கப்பல் போச்சு?' என்று கேட்டார். விளக்கினேன். 850க்கு முடிந்தது. ரிமோட் கிடையாது, நிறுத்துவதற்கு ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டும், ஆனாலும் 850! மச்சானுக்கு இதைச் சொன்னால் 'ஆன்லைனில் பார்த்துத் தொலைய வேண்டியதுதானே' என்கிறான். ரசனை கெட்டவன்.

அந்தத் திருகாணியைக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மொத்தத் தொடரும் அதன் மேல்தான் நிற்கிறது. 2068ல் ஒரு பயணிகள் விமானம், விண்வெளியில் போகிற விமானம், அதன் ஜன்னலில் ஒரு திருகாணி வந்து மோதுகிறது. அதில்தான் குப்பைப் பிரிவில் வேலை பார்க்கிற யூரியின் மனைவி இறந்துபோகிறாள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் எந்தப் பொருளும் நொடிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கற்பனை இல்லை இது. 1983ல் சாலஞ்சர் விண்ணோடத்தின் ஜன்னலில் வெறும் பெயிண்ட் துணுக்கு ஒன்று மோதிக் குழி விழுந்தது, கண்ணாடியையே மாற்றினார்கள். இந்தத் தொடர் வந்து ஐந்து வருஷம் கழித்து, 2009 பிப்ரவரியில், இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்று இரண்டு முழு செயற்கைக்கோள்கள் சைபீரியாவுக்கு மேலே ஒன்றோடொன்று மோதிச் சிதறின. செய்தியைப் பார்த்தபோது எனக்கு அதே குப்பைப் பிரிவில் இருக்கிற ஃபீ கார்மைக்கேல் சிகரெட்டைத் தேடுகிற முகம்தான் ஞாபகம் வந்தது. ஃபீ எனக்குத் தெய்வம், அது உங்களுக்கே தெரியும், அதைப் பிறகு பேசலாம்.

இப்போது பஞ்சாயத்துக்கு வருகிறேன். 24ஆம் பகுதி. வியாழன் கிரகத்துக்குப் போகிற ஃபான் பிரவுன் விண்கப்பலைத் தீவிரவாதிகள் தாக்குகிறார்கள். அந்தக் குழப்பத்தில் தனாபேயும் கிளேரும் நிலவின் தரையில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். கிளேர் யார்? ஒரு காலத்தில் கூட வேலை பார்த்தவள், இப்போது அந்தத் தீவிரவாதிகளில் ஒருத்தி. காயம் பட்டிருக்கிறாள். என்னை விட்டுவிட்டுப் போ என்கிறாள். தனாபே விடவில்லை, சுமந்துகொண்டு நடக்கிறாள். ஆக்சிஜன் குறைகிறது. தான் பிழைக்க கிளேரின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளலாமா? இதுதான் பஞ்சாயத்து. பின்னணியில் பெரிதாக ஒன்றும் கேட்காது, மூச்சுதான்.

மச்சான் இங்கேதான் எழுந்து போய் பிளேயரை நிறுத்தினான். அவன் மெக்கானிக்கல் படித்தவன், எதையும் கணக்காகத்தான் பார்ப்பான். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான், ஆனால் நிறை அப்படியேதான் இருக்கும், அதனால் இன்னொரு ஆளைச் சுமந்து நடக்கும்போது ஒவ்வொரு தடவை நிற்பதற்கும் திரும்புவதற்கும் உழைக்க வேண்டும், உழைத்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் செலவு கூடும். 'இரண்டு பேரும் சாவதா, ஒருத்தி பிழைப்பதா? அவள் கொலை செய்ய வந்தவள். இதில் யோசிக்க என்ன இருக்கு?' என்றான். கணக்கு சரிதான். நான் மறுக்கவே இல்லை.

வக்கீல் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தார். அவர் சொன்னது இன்னும் கூர்மை. தனாபேக்கு அன்பு சுலபமாக வருகிறது, ஏனென்றால் அவளுக்கு எதுவும் பறிபோனதில்லை. ஜப்பானில் நல்ல வீடு, பாசமான அப்பா அம்மா, கம்பெனி வேலை. கிளேர் அப்படியா? எல் தனிக்கா என்கிற ஏழை நாட்டில் பிறந்தவள், ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்தவள். அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், கிளேர் முதலில் கட்டுப்பாட்டுப் பிரிவில் பெரிய இடத்தில் இருந்தாள், அங்கிருந்து கீழே தள்ளப்பட்டுத்தான் குப்பைப் பிரிவுக்கு வந்தாள். அப்புறம்தான் அந்தக் கூட்டத்தில் சேர்கிறாள். வக்கீல் 11ஆம் பகுதியை இழுத்தார். எல் தனிக்காக்காரர் ஒருவர் சொந்தமாகச் செய்த விண்வெளி உடையை விற்கத் தூக்கிக்கொண்டு வருகிறாரே, அது. உடை நன்றாக இருக்கிறது, சோதனையும் நடக்கிறது, அந்த நேரத்திலேயே பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு அவர் நாட்டின் மேல் படையெடுக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் பூமியில் கோடுகள் தெரிவதில்லை, ஆனால் அவரைக் கைது செய்ய வருகிறவர்களுக்குத் தெரிகிறது. 'இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒருத்தி அன்பு அன்பு என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும்' என்றார் வக்கீல். நியாயம். அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு எனக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் இரண்டு பேரும் அதற்கு அடுத்த காட்சியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்கள். தனாபேயின் கை கிளேரின் ஆக்சிஜன் பக்கம் போகிறது. போகிறது மக்களே! நான் எழுந்து போய், ரிமோட் இல்லாத அந்தப் பிளேயரில், அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவள் அழுகிறாள், கை நீள்கிறது. அங்கேயே வெட்டிவிட்டார்கள். எடுத்தாளா, எடுக்கவில்லையா என்று உடனே சொல்ல மாட்டார்கள்.

தனாபே வெகுளி என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கைதான் பதில். வெகுளியாக இருந்தால் கை போகவே போகாது. மச்சானின் கணக்கு அவளுக்கும் தெரியும், அவனைவிட நன்றாகத் தெரியும், மூச்சு முட்டுவது அவளுக்கு. முதல் பகுதியிலிருந்து கத்திக்கொண்டிருந்த அந்த அன்பு வசனமெல்லாம் அங்கே உதவவில்லை, வாயில் ஒரு வசனமும் வரவில்லை. அப்புறம்தான் நமக்குத் தெரிகிறது, அவள் எடுக்கவில்லை. கிளேர் பிழைத்துவிட்டாள். தனாபே ஆக்சிஜன் குறைந்ததில் நரம்பு பாதித்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நடக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள். வக்கீல் கேட்டாரே, அவளிடமிருந்து எது பறிபோனது என்று? இதோ.

இதே நேரத்தில் ஹாச்சிமாக்கி, அதாவது குப்பைப் பிரிவில் தனாபேயோடு வேலை பார்த்த அவள் காதலன், என்ன செய்தான்? இதை யாரும் பேசுவதே இல்லை, இதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கப்பலுக்குள்ளே தீவிரவாதிகளில் ஒருவனான ஹக்கீமுக்கு எதிரே நிற்கிறான், கையில் துப்பாக்கி. 'தனியாக இருப்பவன்தான் பலசாலி, வியாழனுக்குப் போக எதையும் விடுவேன்' என்று சில பகுதிகளாகவே முறைத்துக்கொண்டு திரிந்தவன். விசையை அழுத்திவிட்டான். குண்டு இல்லை. அவ்வளவுதான். அவன் கொலைகாரன் ஆகாமல் போனதற்கு ஒரே காரணம் காலித் துப்பாக்கி. யதார்த்தம் பேசினவனைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். லட்சியம் பேசினவளுக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை, கையை அவளேதான் பின்னுக்கு இழுத்தாள். தனிகுச்சி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார், வேண்டுமென்றுதான். அதற்குப் பிறகு ஹாச்சிமாக்கி புழுங்கிச் சாவது 'நான் அழுத்திவிட்டேனே' என்பதற்காகத்தான், தோற்றதற்காக இல்லை.

இதைச் சொன்னதும் மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் 'அப்போ எடுத்திருந்தா அவ கெட்டவளா?' என்றான். நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். இல்லை. எடுத்திருந்தால் நான் அவளைத் திட்டியிருக்க மாட்டேன், தொடரும் திட்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கதை அவ்வளவு நேரம் நம்மைக் காக்க வைத்ததே அதற்குத்தான், எடுத்தாலும் உனக்குப் புரியும் என்று நம்மை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டது.

என்னையும் தனாபே ரசிகன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். ஆரம்பப் பகுதிகளில் அவள் தலைவலி. மூன்றாவது பகுதியில் விண்வெளியில் விடப்பட்ட ஒருவருடைய சவப்பெட்டி சுற்றுப்பாதையில் திரும்பி வரும். அங்கே போய், சம்பந்தமே இல்லாதவர்கள் குடும்ப விஷயத்தில் தலையை நுழைத்து வாதாடுவாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தூரத்து அத்தை மாதிரி. வேலைக்குச் சேர்ந்தவர்களை உயில் எழுதச் சொல்கிறார்கள், அதற்கும் ஒரு பாட்டு. அந்த இடங்களில் மச்சான் சிரிக்கும்போது நானும் சிரித்தேன்.

அப்புறம் அந்த முடிவு! எனக்குப் பிடிக்கவே இல்லை. ஹாச்சிமாக்கி ஏழு வருஷப் பயணத்துக்குக் கிளம்புகிறான். தனாபே பூமியில், வயிற்றில் குழந்தையோடு. அவள் விண்வெளி நடை போனவள் ஐயா! நிலவில் ஒருத்தியைச் சுமந்து நடந்தவள்! அவளைக் கொண்டு போய் வழியனுப்புகிற பெண்ணாக நிறுத்திவிட்டார்கள். மங்காவில் அப்படி இல்லை, அங்கே கல்யாணத்துக்குப் பிறகும் ஃபீயோடு சேர்ந்து குப்பை பொறுக்கப் போகிறாள். ஆமாம், இன்னொன்றும் முதலிலேயே சொல்லியிருக்கணும், மங்காவில் தனாபே வருவதே தாமதமாகத்தான். முதல் நாளிலிருந்து அவளை உள்ளே கொண்டு வந்தது அனிமேக்காரர்கள். அது நல்ல முடிவு. இப்படி வளர்த்துவிட்டுக் கடைசியில் வீட்டில் உட்கார வைத்தார்கள் பாருங்கள், அதுதான் வயிறு எரிகிறது. இதில் மட்டும் நானும் வக்கீலும் ஒரே கட்சி. மச்சான் 'நரம்புக்கு ஓய்வு வேண்டாமா' என்று மருத்துவராகிவிட்டான்.

அடுத்த வீடியோவில் 12ஆம் பகுதி, ஃபீயின் சிகரெட். அதற்கு மச்சானைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைக்கப்போகிறேன், சம்மதித்துவிட்டான். சம்பளமாக பிரியாணி கேட்டிருக்கிறான், மட்டன்தான் வேண்டுமாம். பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.