உதிராத கதிர்

கையில் ஒரு புல் வைத்திருக்கிறேன். வெளிச்சம் போதவில்லை, இருங்கள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இப்போது தெரிகிறதா? வழியோரத்தில் தானாக முளைத்த புல்தான், பெயரெல்லாம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கதிர் நன்றாக முற்றிக் காய்ந்திருக்கிறது. விரலால் லேசாக ஒரு தட்டு தட்டுகிறேன். பாருங்கள், மேசை முழுக்க விதை. பாதி தரைக்கும் போய்விட்டது, அப்புறம் பெருக்க வேண்டும்.

இந்தக் கையில் இருப்பது கோதுமைக் கதிர். இதையும் தட்டுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. தலைகீழாகப் பிடித்து உதறுகிறேன். ஒரு மணிகூட விழவில்லை. பிய்த்து எடுத்தால்தான் வருகிறது.

காட்டுப் புல் எப்படிப் பயிரானது என்று கேட்டுப் பல பேர் எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் பாதிக் கதை இந்தத் தட்டிலேயே இருக்கிறது.

புல்லின் இடத்திலிருந்து யோசியுங்கள். விதை முற்றியதும் தாய்ச்செடியை விட்டுப் போயாக வேண்டும். காட்டுக் கோதுமையில் கதிரின் நடுத்தண்டு முற்றியவுடன் கணுக்கணுவாக உடைந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் மணியும் நீளமான கூரும் இருக்கும். விழுந்தால் அம்பு மாதிரி மண்ணில் குத்திக்கொள்ளும். உடையாத கதிர் காட்டில் ஒரு ஊனம். விதை தண்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் பறவை வந்து தின்றுவிட்டுப் போகும், வம்சம் அத்தோடு சரி.

ஆனால் அந்த ஊனம் அவ்வப்போது பிறந்துகொண்டேதான் இருந்தது. பார்லியில் இதற்கு அக்கம்பக்கமாக இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. இரண்டில் எது கெட்டாலும் கதிர் உடையாது. நெல்லில் எஸ்எச்4 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, மணி உதிர்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. அவ்வளவு சின்னக் கோளாறு.

இப்போது மனிதன் வருகிறான். கூடையைக் கீழே பிடித்துக்கொண்டு கதிரைக் கோலால் தட்டினால் என்ன கிடைக்கும்? உதிர்கிற ரகம் கூடையில் விழும், உதிராத ரகம் செடியிலேயே நின்றுவிடும். அதே ஆள் அரிவாளால் அறுத்தால்? அறுக்கும்போது குலுங்குகிற குலுக்கலில் உதிர்கிற மணியெல்லாம் தரையில் போய்விடும், ஊனக் கதிர் முழுசாக வீட்டுக்கு வரும். அடுத்த பருவத்தில் வீட்டில் இருக்கிற விதையை எடுத்துப் புது நிலத்தில் விதைத்தால் அதில் ஊனத்தின் பங்கு கொஞ்சம் கூடியிருக்கும். அதற்கடுத்த பருவம் இன்னும் கொஞ்சம். யாரும் நல்ல விதை எது என்று தேடி எடுக்கவே வேண்டாம். அரிவாளே தேர்ந்தெடுத்துவிடும்.

ஒரு பழைய வீடியோவில் ‘மனிதன் விவசாயத்தைக் கண்டுபிடித்தான்’ என்று நானே சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்பப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. கண்டுபிடிப்பதற்கு என்ன இருந்தது என்று இப்போது எனக்குப் புரியவில்லை.

சரி, காட்டுக் கோதுமையை அறுத்தால் வயிறு நிறையுமா? ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1966-ல் துருக்கியின் தென்கிழக்கில் போய் அதைச் செய்தே பார்த்தார். முதலில் வெறும் கையால் உருவினார், பிறகு கல் பற்கள் பதித்த அரிவாளால் அறுத்தார். மணிக்குச் சுமார் ஒரு கிலோ சுத்தமான தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் இப்படி உழைத்தால் வருடம் முழுக்கச் சாப்பிட்டாலும் தீராத தானியம் சேரும் என்று கணக்குச் சொன்னார். கேட்டதும் எனக்கு வந்த கேள்வி, அப்படியானால் விதைப்பானேன்? காட்டில் சும்மா கிடைப்பதை அறுத்துக்கொண்டே இருக்கலாமே. நிறைய பேர் நிறைய காலம் அப்படித்தான் இருந்தார்கள். கலிலேயாக் கடலின் கரையில் ஒஹாலோ என்ற இடத்தில் சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடிசைகள் கிடைத்திருக்கின்றன. அங்கே காட்டு பார்லியும் காட்டுக் கோதுமையும் இருந்தன. வயல் பயிர் வருவதற்கு அதற்குப் பிறகும் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

விதைக்க ஆரம்பித்த பிறகும் வேகம் ஒன்றும் இல்லை. 1990-ல் கோர்டன் ஹில்மனும் ஸ்டூவர்ட் டேவிஸும் கணக்குப் போட்டு, எல்லாம் சரியாக அமைந்தால் 20 முதல் 200 ஆண்டுகளுக்குள் உதிராத கதிர் வயலையே பிடித்துவிடும் என்றார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் பழைய அடுப்புகளில் கருகிக் கிடந்த தானியம் வேறு கதை சொல்கிறது.

எப்படிச் சொல்கிறது தெரியுமா? மேசையில் உதிர்ந்த விதையை லென்ஸுக்குக் கீழே வைக்கிறேன், பாருங்கள். அடியில் ஒரு தழும்பு இருக்கிறது, வழவழப்பாக. தானாகக் கழன்று விழுந்ததற்கு அடையாளம். இது கோதுமைக் கதிரிலிருந்து நான் ஒடித்தெடுத்த துண்டு. இதன் அடி பிய்ந்து நாராக இருக்கிறது. கருகிப்போன பிறகும் இந்த வித்தியாசம் அழியாது. அதனால் ஆய்வாளர்கள் வழவழப்பு எத்தனை, பிய்ந்தது எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். சீனாவில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் தியென்லுவோஷான் என்ற இடத்தில் நெல்லை இப்படி எண்ணினார்கள். சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன்பு உதிராத நெல் 27 சதவீதம். 300 ஆண்டுகள் கழித்து 39 சதவீதம். எத்தனை தலைமுறை அறுத்து, விதைத்து, அறுத்து, பன்னிரண்டே சதவீதம்! மேற்கு ஆசியாவில் கோதுமைக்கும் பார்லிக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. ஏன் இவ்வளவு மெதுவாக? உதிரும் என்று பயந்து பச்சையாகவே அறுத்தால் அரிவாளின் தேர்வு நடக்காது. விளைச்சல் பொய்த்த வருடம் காட்டிலிருந்து மறுபடி விதை எடுத்து வந்தால் பழைய கணக்கெல்லாம் அழிந்துபோகும்.

விதை உறக்கமும் இப்படித்தான் போனது. காட்டு விதை எல்லாம் ஒன்றாக முளைக்காது, சில அடுத்த வருடத்துக்கென்று தூங்கும். வயலில் தூங்குகிறவனுக்கு அறுவடையில் இடமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ரை என்ற தானியத்துடையது. அது கோதுமை வயலில் களை. களை பிடுங்குகிறவர் கண்ணில் படாமல் இருக்கக் கோதுமை மாதிரியே வளர வேண்டும், கோதுமையோடு சேர்ந்து அறுபட வேண்டுமானால் உதிராமலும் இருக்க வேண்டும். ஏமாற்றி ஏமாற்றியே பயிராகிவிட்டது! ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவ் இதை ஆசிய மலைகளில் பார்த்தார். உயரம் ஏற ஏற, குளிர் கூடக் கூட, வயலில் கோதுமை குறைந்து ரை கூடுகிறது. உச்சியில் ரை மட்டும்தான். உலகமெல்லாம் போய்ப் பயிர் விதை சேர்த்த அந்த மனிதர் 1943-ல் ஸ்டாலின் காலச் சிறையில் பட்டினியால் செத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடுகிறது.

மக்காச்சோளம் கதையே தனி. அதன் காட்டு மூதாதை டியோசின்டே, மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பகுதிப் புல். கதிரில் பத்து மணி இருந்தால் பெரிது, ஒவ்வொன்றும் கல் மாதிரி ஓட்டுக்குள் இருக்கும். இதுவா அதுவானது என்று பல பேர் நம்பவில்லை. நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் பீடில் நம்பினார். ஓய்வு பெற்ற பிறகு இரண்டையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 50,000 செடி வளர்த்தார். சுமார் 500-க்கு ஒன்று அச்சு அசலாக மக்காச்சோளம், இன்னொன்று அச்சு அசலாக டியோசின்டே. அத்தனை பெரிய உருமாற்றத்தின் பெரும்பங்கு நான்கைந்து மரபணுக்களில்தான் என்று அதிலிருந்து கணக்கிட்டார். இன்று ஒரு முழுக் கதிரை மண்ணில் போட்டால் நூற்றுக்கணக்கான முளை ஒரே இடத்தில் வந்து ஒன்றையொன்று நெரித்துச் செத்துவிடும். மனிதன் உதிர்த்து விதைக்காமல் அதற்குப் பிழைப்பில்லை.

நெல் அப்படி இல்லை. வயலில் நெல்லிலிருந்தே பிறந்து மறுபடி காட்டுத்தனமாக மாறிய களைநெல் இருக்கிறது. பார்க்க நெல் மாதிரியே இருக்கும், அறுவடைக்கு முந்தியே உதிர்ந்து மண்ணில் ஒளிந்துகொள்ளும். பல நாடுகளில் விவசாயிகளுக்கு அது பெரிய தலைவலி. அதைப் பற்றித் தனி வீடியோ போடுகிறேன். இப்போதைக்குத் துடைப்பம் எடுக்க வேண்டும், இந்தப் புல் விதை கணினியின் விசைப்பலகைக்குள்ளும் போயிருக்கிறது.