செத்துப் போனதாக ஒரு செய்தி

நேயர்களுக்கு வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு கிட்டார் இசையும் ஒரு சிறுகதையும் என் மனதில் ஒன்றாகவே கிடக்கின்றன. இசை, ஃபங்கடெலிக் என்ற அமெரிக்கக் குழுவின் ‘மேகட் பிரெய்ன்’, 1971-ல் வெளிவந்தது. பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். கதை, அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபினுடையது, 1894-ல் அச்சானது. மூன்று நான்கு பக்கம்தான். எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் ஒன்றைத் தொட்டால் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிடுகிறது.

முதலில் இசை. ஃபங்க் என்பது அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த தாள இசை. அதில் முதல் அடிதான் உயிர். ஃபங்க் முன்னோடியான பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் அதற்கு ‘ஒன்’ என்றே பெயர். கச்சேரி கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் ‘சமம்’ என்று நினைத்துக்கொள்ளலாம். நடுவில் எங்கே வேண்டுமானாலும் சுற்றிவிட்டு வரலாம், அந்த இடத்தில் மட்டும் எல்லோரும் வந்து சேர்ந்துவிட வேண்டும். இதோடு அறுபதுகளின் ராக் கிட்டாருடைய முழக்கத்தையும் எதிரொலியையும் கிறக்கத்தையும் சேர்த்தால் சைகெடெலிக் ஃபங்க். அப்படிச் சேர்த்தவர்களில் முக்கியமான குழு ஃபங்கடெலிக். பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன.

குழுவின் தலைவர் ஜார்ஜ் கிளின்டன், நியூ ஜெர்சியில் பிளெயின்ஃபீல்ட் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். ஆரம்பத்தில் அவர்கள் ஒரே மாதிரி உடுப்புப் போட்டு, ஒரே மாதிரி அசைந்து பாடிய சமர்த்துப் பிள்ளைகள். ஒரு நிகழ்ச்சிக்குத் தங்கள் கருவிகள் வந்து சேராமல், வனில்லா ஃபட்ஜ் என்ற ராக் குழுவின் பெரிய ஒலிபெருக்கிகளைக் கடன் வாங்கி வாசித்தார்களாம். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் பழைய சத்தத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை. உடுப்பும் போயிற்று. கிளின்டன் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு மேடையேற ஆரம்பித்தார்.

அவர்கள் ஆட்டம் பாட்டத்துக்குப் பேர்போனவர்கள். ஆனால் நான் சொல்ல வந்த ‘மேகட் பிரெய்ன்’ என்ற இசையில் ஆடுவதற்கு ஒன்றுமே இல்லை. கிட்டார் வாசித்தவர் எடி ஹேசல், இருபதை ஒட்டிய வயது. வாசிப்பதற்கு முன் கிளின்டன் அவரிடம் ஒன்று சொன்னார்: உன் அம்மா இறந்துவிட்டதாக இப்போதுதான் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து வாசி. அப்புறம், அது பொய், அம்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்ததாக நினைத்து வாசி.

ஒரு இளைஞனிடம் இப்படிச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கொடூரமாகத்தான் படுகிறது. கிளின்டனும் ஒரு தகப்பன்தான். ஆனால் கேட்டுப் பாருங்கள். முதலில் கிட்டார் பேச்சு வராமல் திக்குகிறது. பிறகு ஒரே சுரத்தை இழுத்து இழுத்து, அது உடைகிற இடம்வரை கொண்டுபோகிறது. வேறு கருவிகளும் அன்று வாசித்திருந்தன. பதிவைச் செப்பனிடும்போது கிளின்டன் அவற்றையெல்லாம் குறைத்து, ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார். மிஞ்சியது ஹேசலின் கிட்டார், அதற்கடியில் மெதுவாகத் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு கிட்டார், நிறைய எதிரொலி. துக்கப்படுகிறவனைத் தனியறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விட்டது போல இருக்கும்.

இந்த அறை எனக்கு ஏற்கெனவே தெரிந்த அறை. கேட் ஷோபின் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’ அங்கேதான் நடக்கிறது.

மிஸஸ் மல்லர்டுக்கு இதயம் பலவீனம். ரயில் விபத்தில் அவள் கணவன் பிரெண்ட்லி இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. அவளுடைய சகோதரி ஜோசஃபின் பதமாக, பாதி பாதியாகச் செய்தியைச் சொல்கிறாள். இவள் உடனே கதறி அழுகிறாள். அழுது முடித்துவிட்டு மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜன்னல் திறந்திருக்கிறது. வெளியே வசந்தம், மழை வாசனை, கூவி விற்கிறவன் குரல். யாரோ தூரத்தில் பாடுவதும் லேசாகக் கேட்கிறது. ஏதோ ஒன்று தன்னை நோக்கி வருவது அவளுக்குத் தெரிகிறது. பயத்தோடு தடுத்துப் பார்க்கிறாள். முடியவில்லை. வாயில் வார்த்தையாக வந்துவிடுகிறது: விடுதலை.

இங்கே ஷோபின் ஒரு காரியம் செய்கிறார். அந்தக் கணவனைக் கெட்டவனாக்கவில்லை. அடித்தான், குடித்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ அன்பைத் தவிர வேறெதையும் முகத்தில் காட்டாதவன். பிணமாக அவனைப் பார்க்கும்போது மறுபடி அழுவேன் என்று அவளுக்கே தெரியும். அவனை நேசித்தாளா? சில சமயம் நேசித்தாள், பல சமயம் இல்லை. மொத்தக் கல்யாண வாழ்க்கையைப் பற்றியும் கதையில் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது. எப்போது நேசித்தாள், எப்போது இல்லை, ஏன் இல்லை, ஒன்றும் கிடையாது. எத்தனையோ நாவல்கள் நானூறு பக்கத்தில் சொன்னதை இந்த ‘சில சமயம்’ சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறைக்குள் போகும்வரை அவள் வெறும் மிஸஸ் மல்லர்டுதான். சாவித் துவாரத்தில் வாயை வைத்து ஜோசஃபின் கூப்பிடும்போதுதான் அவள் பெயர் லூயிஸ் என்று நமக்குத் தெரிகிறது. புருஷன் போன பிறகுதான் அவளுக்குப் பெயர் வருகிறது. நேற்றுவரை ஆயுசு நீண்டுவிடுமோ என்று நடுங்கியவள், இப்போது நீளட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். அப்புறம் கதவைத் திறந்து படியிறங்கி வருகிறாள். வாசல் கதவில் சாவி திரும்புகிறது. பிரெண்ட்லி கைப்பையும் குடையுமாக உள்ளே வருகிறான். விபத்து நடந்த இடத்துக்கே அவன் போகவில்லை, விபத்து நடந்ததும் அவனுக்குத் தெரியாது. அவள் செத்து விழுகிறாள். தாங்க முடியாத சந்தோஷத்தில் போய்விட்டாள் என்கிறார்கள் டாக்டர்கள்.

செத்ததாக ஒரு செய்தி, இல்லை என்று ஒரு செய்தி. கிளின்டன் கிட்டார்காரனிடம் சொன்னதும் அதே இரண்டுதான். ஆனால் அங்கே செய்தி அம்மாவைப் பற்றியது. அழுதான், பிறகு மகிழ்ந்தான், விவகாரம் முடிந்தது. கதையில் செய்தி கணவனைப் பற்றியது, முதல் செய்திக்கும் இரண்டாவது செய்திக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைத்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கண்டுபிடித்ததைத் திருப்பி வைக்க இடமில்லை. ஹேசலின் கிட்டாரிலும் நடுவில் அப்படி ஏதாவது எட்டிப் பார்த்ததா என்று யாரும் கேட்க முடியாது. வார்த்தை இல்லாத கலைக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

ஷோபினின் சொந்த வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் தகப்பனார் 1855-ல் மிசூரியில் பாலம் உடைந்த ரயில் விபத்தில்தான் இறந்தார். கணவர் ஆஸ்கர் 1882-ல் லூசியானாவில் காய்ச்சலில் போனார். ஆறு குழந்தைகள், தலைக்கு மேல் கடன். எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இதை வைத்து அவர் கல்யாணம் இப்படித்தான் இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. சாவுச் செய்தி வந்த வீட்டில் முதல் மணி நேரம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதே லூசியானாவில், மன்றோ நகரத்தில், 1978-ல் ஃபங்கடெலிக் இந்த இசையை மேடையில் வாசித்த பதிவு ஒன்று இருக்கிறது. கிட்டார் ஹேசல் இல்லை, மைக்கேல் ஹாம்ப்டன். இந்த இசையை அப்படியே வாசித்துக் காட்டித்தான் பதினேழு வயதில் அவர் குழுவுக்குள் வந்தார். அவரிடம் அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அடுத்தவருடைய துக்கத்தைச் சுரம் சுரமாகப் பாடம் பண்ணிக்கொண்டவர் அவர். ஊர் ஊராக வாசித்தார். கேட்கும்போது ஒன்று புரியும்: பதிவில் வெளியே அனுப்பிய டிரம்ஸும் மற்றவர்களும் இங்கே அறைக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். கிட்டார் இன்னும் அழுகிறது, ஆனால் கூட்டத்துக்கு நடுவில் அழுகிறது. கடைசியில் குழுவே சேர்ந்து கோஷம் போட ஆரம்பித்துவிடுகிறது.

கேட்க நினைப்பவர்கள் முதலில் 1971 பதிவைக் கேளுங்கள். பிறகு கதையைப் படியுங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் மன்றோ. வணக்கம்.