ஓடத் தெரிந்தவனே வீரன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பாவத்துக்கு இழுக்கும் சோதனையை வெல்ல வழி எதிர்த்து நிற்பதா, விலகி ஓடுவதா என்பது தலைப்பு. விலகி ஓடுவதுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் யாக்கோபு 4:7-ஐக் காட்டி, "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்கிறது வேதம், ஓடுகிறவன் கோழை" என்று முழங்கினார். வசனம் சரி. ஆனால் அதன்படி ஓடப்போவது பிசாசு. நம் உள்ளே கிடக்கிற இச்சையைப் பற்றிப் பேசும்போது பவுல் என்ன சொல்கிறார்? "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்." நின்று பார் என்று சொல்லவில்லை, நடுவர் அவர்களே!

யோசேப்பைப் பாருங்கள். அவன் எஜமான் போத்திபாரின் மனைவி, தன்னோடு சயனிக்கும்படி நித்தம் நித்தம் பேசுகிறாள். அவன் இணங்கவில்லை என்பதோடு ஆதியாகமம் 39:10 நிற்கவில்லை. அவளோடு இருக்கவும் சம்மதிக்கவில்லை என்கிறது. அவள் இருக்கும் இடத்தையே தவிர்த்திருக்கிறான்! முதலில் நியாயம் எடுத்துச் சொன்னவன்தான். ஆனால் அவள் வஸ்திரத்தைப் பிடித்த அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. துணி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு ஓடினான். அந்தத் துணியே பொய்ச் சாட்சியாகி அவனைச் சிறையில் தள்ளியது. இவனையா கோழை என்பீர்கள்?

அப்புறம் தாவீது. கோலியாத்தை வீழ்த்தியவனுக்குத் தைரியமா குறைச்சல்? யுத்தகளத்தில் விழாதவன் அரண்மனை உப்பரிகையில் விழுந்தான். குளித்துக்கொண்டிருந்த பத்சேபாள் கண்ணில் பட்டதும் கீழே இறங்கிப் போயிருக்கலாம். ஆள் அனுப்பி விசாரித்தான். உரியாவின் மனைவி என்று பதில் வந்தது. அப்போதாவது விட்டானா? அவளை அழைத்துவர மறுபடியும் ஆள் அனுப்பினான். விலக இரண்டு தருணங்கள் இருந்தும், நின்றான்.

இன்றைக்கு அந்த உப்பரிகை நம் கைக்குள்ளேயே இருக்கிறது. இரவு, விளக்கு அணைந்தபின், போர்வைக்குள் போன் வெளிச்சம். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் "எதிர்த்து நிற்பேன்" என்பவர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டேதான் நிற்பார். போனை வெளி அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிறவருக்கு அந்தப் போராட்டமே வருவதில்லை. சுவிசேஷகர் பில்லி கிரஹாம் 1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் தம் குழுவினரோடு சில தீர்மானங்கள் எடுத்தார். மனைவியைத் தவிர வேறொரு பெண்ணோடு தனித்திருக்கும் சூழலையே தவிர்ப்பது அதில் ஒன்று. சோதனை வருமுன்பே எடுத்த முடிவு அது.

இயேசு வனாந்தரத்தில் நின்று ஜெயித்தாரே என்பீர்கள். ஜெயித்தார். அவரை அங்கே கொண்டுபோனது ஆவியானவர் என்று மத்தேயு 4:1 சொல்கிறது. நம்மில் பலர் நம் காலாலேயே நடந்து போகிறோம்! ஜெயித்த அவரே சீஷருக்கு, "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்றுதான் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார்.

எவ்வளவு தூரம்தான் ஓடுவது என்று கேட்டார் எதிரணிச் சகோதரி. நல்ல கேள்வி. 2 தீமோத்தேயு 2:22-ல் விடை இருக்கிறது. இச்சைகளுக்கு விலகியோடச் சொன்ன அதே மூச்சில், சுத்த இருதயத்தோடு கர்த்தரைத் தொழுகிறவர்களோடு சேர்ந்து நீதியையும் விசுவாசத்தையும் அன்பையும் சமாதானத்தையும் அடைய நாடு என்கிறார் பவுல். தனியாக ஓடச் சொல்லவில்லை. போராட்டத்தை மனம் திறந்து சொல்ல ஒரு நண்பர், கூட முழங்காலில் நிற்க ஒருவர். அவர்கள் இருக்கும் இடம் வரைக்கும் ஓடினால் போதும், சகோதரி.